யூடிபியில் ‘கனெக்‌ஷன் ரீசெட்’ எப்படி வரும்?

ஓசூரிலிருந்து போன் வந்தால் மணி இரண்டு தாண்டிவிட்டது என்று அர்த்தம். மூன்று வாரம் இப்படித்தான் போனது. “சார், உங்க சர்வர் மறுபடி படுத்துடுச்சு” என்பார் அந்தத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ்காரர். நான் பெங்களூரில், எச்.எஸ்.ஆர். லேஅவுட் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, “ரீஸ்டார்ட் பண்ணிடுங்கண்ணா, நான் பார்க்கிறேன்” என்பேன். பார்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

நாங்கள் செய்வது ஒரு சின்ன நெட்வொர்க் லைப்ரரி. சி பிளஸ் பிளஸ். டேப்லெட், சென்சார் மாதிரியான சாதனங்களுக்கும் சர்வருக்கும் நடுவே செய்திகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும். லினக்ஸில் பிறந்து வளர்ந்த கோட். விண்டோஸுக்கும் மேக்குக்கும் பிறகு கொண்டுபோனோம். கொண்டுபோனோம் என்றால், கம்பைல் ஆகிறவரை திருத்தினோம், அவ்வளவுதான்.

ஓசூரில் ஓடியது விண்டோஸ். அங்கே சர்வர் சாகும்போது லாக்கில் எழுதிவைத்த கடைசி வரி இது: ‘அசர்ஷன் ஃபெயில்டு: நோ எரர்’. பிழை ஒன்றும் இல்லை என்று சீட்டு எழுதிவைத்துவிட்டுத் தூக்கு மாட்டிக்கொண்ட மாதிரி.

அசர்ட் என்பது, நடக்கவே கூடாதது நடந்துவிட்டால் ப்ரோகிராமை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் சோதனை. நிறுத்துவதற்கு முன் காரணத்தை எழுதிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். சாக்கெட் என்பது ப்ரோகிராம் நெட்வொர்க்கில் பேசும் வாசல். அதில் அனுப்பு, படி என்று சிஸ்டத்தைக் கேட்பது ஒரு கால். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு சாக்கெட் கால் தோற்றால், காரணம் எர்நோ என்கிற இடத்தில் எண்ணாக இருக்கும். விண்டோஸின் சாக்கெட் கால்கள் எர்நோவைத் தொடுவதே இல்லை. அங்கே காரணத்தை வின்சாக் என்கிற அதன் நெட்வொர்க் பகுதியிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் மேக்ரோ, அதாவது அந்த அசர்ட் சோதனையை எழுதிவைத்த கோட் துண்டு, மூன்று சிஸ்டத்திலும் எர்நோவையே படித்தது. விண்டோஸில் அது பூஜ்யமாகவே கிடந்தது. பூஜ்யத்துக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் வாசகம்தான் ‘நோ எரர்’.

சரி, விண்டோஸுக்கு வேறு மேக்ரோ எழுதினேன். மறுநாள் ஓசூரிலிருந்து வந்த லாக்கில் 183 என்று இருந்தது. ‘ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது’ என்று அதற்குப் பொருள். சாக்கெட்டில் எங்கேயப்பா ஃபைல் என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் வரிசை தப்பு. நான் முதலில் லாக் ஃபைலைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் பிழை எண்ணைக் கேட்டிருந்தேன். விண்டோஸில் சாக்கெட் பிழையும் மற்றப் பிழைகளும் ஒரே இடத்தில்தான் உட்காரும். ஏற்கெனவே இருக்கிற ஃபைலை ‘இல்லாவிட்டால் உருவாக்கு’ என்று திறந்தால், திறப்பது வெற்றியானாலும் அந்த இடத்தில் 183 விழுந்துவிடும். கால் தோற்ற மறு வரியிலேயே எண்ணை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், எழுதுவதெல்லாம் பிறகு. மாற்றி அனுப்பினேன். அடுத்த நாள் இரண்டு மணிக்கு உண்மையான எண் வந்தது: 10054. கனெக்‌ஷன் ரீசெட்.

ஆபீஸுக்குக் கீழே ஒரு அய்யங்கார் பேக்கரி உண்டு. எங்கள் டீமில் பெரிய சண்டைகள் எல்லாம் அங்கே காரா பன்னோடுதான் நடக்கும். எங்கள் லீட் மதுரைக்காரர். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். எண்ணைச் சொன்னதும் பன்னைக் கீழே வைத்துவிட்டார். “ஏப்பா, அந்த சாக்கெட் யூடிபிதானே? யூடிபியில ஏது கனெக்‌ஷன், ரீசெட் ஆகுறதுக்கு?” யூடிபி என்பது இணைப்பு எதுவும் போடாமல், தபால் மாதிரி பாக்கெட்டைப் போட்டுவிடும் முறை. எதிர்முனை அறுத்துவிட்டது என்று சொல்ல அதில் இணைப்பே கிடையாது. அசர்ட்டை எழுதியவருக்கும் அதே எண்ணம்தான் இருந்திருக்கும். வரவே முடியாத பிழை என்பதால்தானே அசர்ட் வைத்திருந்தார். (எழுதியவர் யார் என்று கோடின் வரலாறு இருக்கும் கிட்டில் தேடினேன். அண்ணேதான். சொல்லவில்லை.)

நேரில் பார்க்காமல் ஆகாது என்று சில்க் போர்டில் பஸ் ஏறினேன். அந்த சிக்னலைத் தாண்டியபோதே பாதிப் பயணம் முடிந்த அலுப்பு.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது. பதினைந்து டேப்லெட். ஒவ்வொருவரும் போகும்போது ஆப்பை மூடிவிட்டு, டேப்லெட்டைச் சார்ஜில் சொருகிவிட்டுப் போகிறார்கள். சர்வர் 30 விநாடிக்கு ஒருமுறை எல்லா டேப்லெட்டுக்கும் ‘இருக்கியா’ என்று ஒரு பாக்கெட் அனுப்பும். மூன்று முறை பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். நான் ஒரு டேப்லெட்டை வாங்கி முழுதாக அணைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப ஆன் செய்து, ஆப்பை மட்டும் மூடினேன். அரை நிமிடத்துக்குள் சர்வர் விழுந்தது.

அங்கேயே புரிந்துவிட்டது. அணைந்த டேப்லெட் ஒன்றும் பேசாது. உயிரோடிருக்கும் டேப்லெட்டில் அந்த போர்ட்டில், அதாவது ஆப்புக்கென்று ஒதுக்கிய எண்ணில், கேட்க ஆள் இல்லையென்றால், அதன் ஆபரேட்டிங் சிஸ்டமே ‘இந்த போர்ட்டில் யாரும் இல்லை’ என்று ஐசிஎம்பி என்கிற நெட்வொர்க் தகவல் பாக்கெட் ஒன்றைத் திருப்பி அனுப்பும். யாரோடும் கனெக்ட் செய்யாத யூடிபி சாக்கெட் என்றால் லினக்ஸ் அதை ப்ரோகிராமுக்குச் சொல்லாமல் விட்டுவிடும். விண்டோஸ் அதை வைத்திருந்து, நாம் அடுத்து எதையாவது படிக்கப் போகும்போது 10054 என்று நீட்டும். நாம் படிக்கப் போனது வேறு எந்த டேப்லெட்டின் செய்தியாகவும் இருக்கலாம். அனுப்பியதற்கான பிழையைப் பெறும்போது சொல்வது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான். ஆனால் இது பழைய, எல்லோரும் அறிந்த நடத்தை. அறியாதது நாங்கள்தான்.

திரும்பி வந்ததும் பேக்கரியில் அடுத்த சண்டை. அசர்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று ஒரு கட்சி. அண்ணே ஒத்துக்கொள்ளவில்லை. “நம்ம தப்புன்னா சாகட்டும். ஊரு தப்புன்னா திருப்பிச் சொல்லு.” கேட்க எளிதாக இருந்தது. ஒவ்வொரு காலுக்கும், ஒவ்வொரு பிழைக்கும், மூன்று சிஸ்டத்துக்கும் தனித்தனியாக அதை முடிவுசெய்ய ஒன்றரை மாதம் ஆனது.

சில சுலபம். 10038, அதாவது ‘இது சாக்கெட்டே இல்லை’ என்று வந்தால் நாங்கள் மூடிய சாக்கெட்டையே மறுபடி பயன்படுத்துகிறோம், சாகட்டும். திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் சிஸ்டம் கொடுக்கும் ஃபைல் எண்கள் தீர்ந்துபோவதற்கு நாள் முழுக்க வாதம் நடந்தது. லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாக 1024, மேக்கில் 256. ஊர் தப்பு என்று முடிவாகி, திருப்பிச் சொல்கிறோம்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. கனெக்‌ஷன் ரீசெட் லினக்ஸில் 104, மேக்கில் 54, விண்டோஸில் 10054. கனெக்‌ஷன் மறுப்பு 111, 61, 10061. விண்டோஸ் எண்ணில் பத்தாயிரத்தைக் கழித்தால் மேக்கின் எண். இரண்டும் பெர்க்லியின் பிஎஸ்டி யூனிக்ஸிலிருந்து வந்த பங்காளிகள். லினக்ஸ்தான் தனக்கென்று வேறு எண் வைத்துக்கொண்டது. ஆனால் கழித்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மைக்ரோசாஃப்டின் கம்பைலர் தொகுப்பான விஷுவல் ஸ்டூடியோவில், 2010 பதிப்பு முதல், எர்நோ எண்களைப் பட்டியலிடும் ஹெடர் ஃபைலிலும் இதே பெயர்கள் இருக்கின்றன, வேறு எண்களோடு. அங்கே கனெக்‌ஷன் ரீசெட் 108. வின்சாக் கொடுக்கும் 10054ஐ அதோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. கம்பைலரும் மூச்சு விடாது. எங்கள் கோடில் அப்படி நான்கு இடம் இருந்தது.

மேக் கதையைக் கண்டுபிடித்தவர், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிற எங்கள் டெஸ்டர். இணைப்பு வந்ததும் நாங்கள் அந்த சாக்கெட்டில் ஒரு ஆப்ஷன் வைப்போம். எதிர்முனை அதற்குள் மூடிவிட்டுப் போயிருந்தால், லினக்ஸ் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். மேக் 22 என்கிறது. கொடுத்த மதிப்பு செல்லாது என்று பொருள். எங்கள் பட்டியலில் 22 வந்தால் சாகட்டும் என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு காலுக்கு, மேக்கில் மட்டும், விலக்குக் கொடுத்தோம்.

என் மானம் போன கதையும் ஒன்று உண்டு. சர்வருக்கு ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொடுக்கும் பைண்ட் என்கிற காலையே அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். மேக்ரோவைத் திருத்தும் வரை அந்த ஃபைலில் இருந்தது சி மொழியின் சாதாரண அசர்ட். வாடிக்கையாளருக்குப் போகும் ரிலீஸ் பில்டில், பில்டைத் தயாரிக்கும் சிமேக், அசர்ட்டுகளை நீக்கச் சொல்லும் என்டீபக்கைத் தானாகவே வைத்துவிடும். அசர்ட் போகும், உள்ளே இருக்கிற காலும் சேர்ந்து போகும். பைண்ட் செய்யாமல் லிசன் செய்தால், அதாவது இணைப்புகளுக்குக் காத்திருக்கத் தொடங்கினால், லினக்ஸ் கோபித்துக்கொள்ளாது, ஏதோ ஒரு போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். சர்வர் ஜோராக ஓடியது, யாருக்கும் தெரியாத போர்ட்டில். விண்டோஸ் அதே இடத்தில் பிழை கொடுத்து நின்றது. அன்றைக்கு மட்டும் விண்டோஸ் மேல் மரியாதை வந்தது. இப்போது எங்கள் அசர்ட்டுகள் ரிலீஸ் பில்டிலும் இருக்கின்றன.

புதிய பில்டோடு மறுபடி ஓசூர். 10054 வந்தால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததைப் படிக்கப் போகும்படி மாற்றியிருந்தேன். விண்டோஸிடம் இந்தப் பிழையை எனக்குச் சொல்லாதே என்று ஐஓ கண்ட்ரோல் என்கிற கட்டளை ஒன்றைக் கொடுத்து அடைத்தும் விடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டு மணி. சைரன். ஆப்புகள் மூடின. மெயின்டனன்ஸ்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டே கால் வரை சர்வர் அப்படியே ஓடியது. லாக்கில் 10054 வரிகள் 42.

“அது என்ன சார் நாப்பத்தி ரெண்டு?”

“ஒரு டேப்லெட்டுக்கு மூணு தடவை கேட்போம்ணா. பதினாலு மூணு நாப்பத்தி ரெண்டு.”

“பதினஞ்சுல்ல இருக்கு?”

இருவரும் ரேக்குக்குப் போய்ப் பார்த்தோம். கடைசி டேப்லெட்டின் சார்ஜர் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி செத்து, திரை கறுப்பாக இருந்தது. அவர் ஒயரைச் சொருகிவிட்டு, “டீ குடிக்கலாமா சார்?” என்றார்.