கன்றின் மேல் விழும் தாயின் நிழல்

விலங்குகளை வரையப் பழகத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொம்பும் குளம்பும் ஓரளவு கைக்கு வந்த பின்னும், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மாடுகளை வரைந்தால், அவை ஒரே அட்டையில் வெட்டி ஒட்டியவை போலவே தெரிந்தன. முன்னால் நிற்கும் மாட்டின் கோடு பின்னால் நிற்பதை மறைத்தால் போதும் என்று நம்பியிருந்தேன். அந்தக் கோடு எது முன், எது பின் என்பதை மட்டுமே சொல்கிறது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நிழல்தான் சொல்கிறது.

எங்கள் தெருமுனையில் மாடு வைத்திருப்பவர் வீட்டு முற்றத்தில் ஒரு காலைப்பொழுதில் இது எனக்குப் புலப்பட்டது. பசு நின்றுகொண்டிருந்தது, வெயிலுக்கு மறுபுறம் அதன் கன்று படுத்திருந்தது. தாயின் முன்னங்கால் நிழல் தரையில் நேராக ஓடி, கன்றின் விலாவைத் தொட்டதும் மேலேறி, எலும்பு மேடுகளில் வளைந்து, முதுகைத் தாண்டியதும் கன்றின் சொந்த நிழலோடு கலந்துவிட்டது. நானோ அதை ஒரே நேர்க்கோடாகக் கன்றின் குறுக்கே இழுத்திருந்தேன். கன்றின் மேல் கறுப்பு நாடா ஒட்டியது போல் இருந்தது. நிழலைத் தருவது தாய்தான், ஆனால் அது எங்கே வளைய வேண்டும் என்பதைக் கன்றின் உடலே தீர்மானிக்கிறது. ஆகவே அந்த நிழலை வரைவது கன்றின் விலாவை இன்னொரு முறை வரைவதே ஆகும்.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். மேசை விளக்கின் எதிரே ஒரு தேங்காயையும், அதன் பின்னால் ஒரு கத்தரிக்காயையும் வைத்தேன். விளக்கை அணைத்து, பல்பின் நடுவில் ஒரு நூலை ஒட்டி, அது தேங்காயின் விளிம்பை உரசிச் செல்லும்படி இறுக்கமாக இழுத்து, கத்தரிக்காயில் நூல் தொட்ட இடங்களிலெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். பன்னிரண்டு புள்ளிகளுக்குப் பிறகு விளக்கைப் போட்டதும் நிழலின் விளிம்பு அவற்றின் மேலேயே வந்து அமர்ந்ததைப் பார்த்தபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. விளக்கின் கதிர்கள் விரிந்து செல்பவை, வெயிலின் கதிர்களோ ஏறக்குறைய இணையானவை என்பதால், இந்த இரண்டையும் ஒரே படத்தில் கலக்கக் கூடாது.

விளிம்பின் கூர்மையும் இடத்துக்கு இடம் மாறும். சூரியன் வானில் ஏறத்தாழ அரை பாகை அகலம் கொண்டது. அதனால் மறைக்கும் பொருளிலிருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளி விழும்போதும் நிழலின் விளிம்பு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் மங்குகிறது. குளம்பு மண்ணைத் தொடும் இடத்தில் நிழல் கத்திபோல் இருக்கும். அந்த மயிரிழை இடுக்குக்கு மட்டும் 6பி என்னும் மென்மையான, அடர்கறுப்புப் பென்சிலை அழுத்திப் பயன்படுத்துகிறேன், அது இல்லாவிட்டால் மாடு அந்தரத்தில் நிற்கும். 2 மீட்டருக்கு அப்பால் விழும் கொம்பு நுனியின் நிழலோ கரைந்தே போகிறது, ஏனெனில் மங்கும் அகலத்தைவிட நுனி மெல்லியது.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த இளமுயலின் ஓவியத்தை இப்போது அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். மூல ஓவியம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் புல்லும் இல்லை, தரையும் இல்லை. இடப்பக்கமிருந்து ஒளி வருகிறது. வலப்பக்கம் விழும் நிழல் ஒன்றே வெறும் தாளைத் தரையாக்கி, முயலை அதன் மேல் உட்கார வைத்துவிடுகிறது. மயிர் மயிராக வரைந்த திறமையைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள்; என்னை நிறுத்திவைப்பது அந்த எளிய நிழல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்கு மறுபடியும் போனேன். வெயில் நகர்ந்துவிடும் என்பதால், இந்த முறை உடலைத் தொடாமல், கன்றின் மேல் விழுந்த நிழலின் விளிம்பை மட்டும் முதலில் குறித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் கன்று எழுந்து பால் குடிக்கப் போய்விட்டது. தாளில் மிஞ்சியிருந்த அந்த வளைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே விலாவையும் முதுகையும் வரைந்து முடித்தேன்.