சேலம் என்று தேடினால் வந்த பாட்டி

போன வாரம் எங்கள் சேலம் அம்மாப்பேட்டையின் பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று நெட்டில் 'சேலம்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கில் போட்டார்களே, அந்த அமெரிக்க சேலம்தான் வழக்கமாக முன்னால் வந்து நிற்கும். இந்தத் தடவை நடுவில் ஒரு பாட்டி வந்தாள். தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, உடம்பைச் சுற்றிப் பளபளவென்று ஒரு சால்வை, சுற்றிலும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற ஜனங்கள். படத்தின் பெயரே 'சேலம்'. அன்றைக்கு அம்மாப்பேட்டையை விட்டுவிட்டேன்.

பிரிட்டனில் இருக்கும் வேல்ஸ் நாட்டின் வடக்கே லான்பெடர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன பாப்டிஸ்ட் ஜெபக்கூடத்தின் பெயர் அது. நம் ஊர்ப் பெயரைச் சைலம், அதாவது மலை, என்பதோடு முடிச்சுப் போடுவார்கள். அவர்களுடையது பைபிளில் வருகிற சேலம், சமாதானம் என்று அர்த்தம். பெத்தேல், எபெனேசர், சீயோன், ஓரேப் என்று அந்த நாடு முழுக்க இப்படித்தான். நம் சேலத்து அஸ்தம்பட்டிப் பக்கம் நடந்தால் பாதிப் பெயரை வீட்டு கேட்டிலேயே படித்துவிடலாம். பெதஸ்தா என்று ஒரு ஊர், ஜெபக்கூடத்தின் பெயரே ஊருக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே கல் குவாரித் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை மூன்று வருடம் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். வேலைக்குத் திரும்பாத வீடுகளில் ஜன்னலில் ஒரு அட்டை இருக்கும்: 'இந்த வீட்டில் துரோகி இல்லை'. பக்தியும் கோபமும் ஒரே தெருவில் குடியிருந்த காலம்.

அதற்கு மறு வருடம்தான் எழுப்புதல் என்று சொல்கிற அந்தப் பெரிய பக்தி அலை. 1904 அக்டோபர் கடைசியில், தெற்கே லக்கர் என்ற ஊரில் மோரியா ஜெபக்கூடத்தில், ஈவான் ராபர்ட்ஸ் என்கிற 26 வயதுப் பையன் கூட்டம் ஆரம்பிக்கிறான். சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். பிரசங்கம் குறைவு, பாட்டு அதிகம், யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம், நேரம் காலம் கிடையாது. ஒரு லட்சம் பேர் மனம் திரும்பினார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது சுரங்கக் குதிரைகளின் கதைதான்: வண்டியோட்டிகள் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்திவிட்டதால், திட்டு வாங்கியே பழகின குதிரைகள் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று புரியாமல் நின்றுவிட்டனவாம். உண்மையோ பொய்யோ, நம்ம வெள்ளைக்கல் குவாரி லாரிக்காரர் ஒருவரிடம் சொன்னேன், அரை நிமிஷம் யோசித்துவிட்டு "லாரிக்கு அந்தப் பிரச்சினை இல்ல சார்" என்றார். மறு வருடமே அந்தச் சூடு, வெல்ஷ் மிஷனரிகள் வேலை செய்த, இன்றைய மேகாலயாவில் இருக்கும் காசி மலை வரைக்கும் வந்துவிட்டது. ராபர்ட்ஸ் மட்டும் 1906இல் மேடையை விட்டு ஒதுங்கியவர்தான், 1951இல் சாகிற வரைக்கும் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்.

சரி, பாட்டிக்கு வருகிறேன். படத்தை 1908இல் வரைந்தவர் சிட்னி கர்னோ வோஸ்பர், பிளிமத்தில் பிறந்த இங்கிலீஷ்காரர். வாட்டர்கலர். பாட்டியின் பெயர் ஷான் ஓவென், அப்போது எழுபதைத் தாண்டியிருந்தாள். உட்கார்ந்து போஸ் கொடுத்தவர்களுக்கு மணிக்கு ஆறு பென்ஸ் கூலி. அந்த உயரத் தொப்பியை அந்தக் காலத்திலேயே யாரும் போடுவதில்லை, தேடி அலைந்து கிடைத்தது ஒன்றே ஒன்று, அதையே ஒவ்வொரு பெண்ணுக்கும் மாற்றி மாற்றி வைத்து வரைந்திருக்கிறார். சால்வையும் இரவல், ஹார்லெக் ஊர்ப் பாதிரியார் மனைவியுடையது. ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் ஆளே இல்லை, தையல்கடைப் பொம்மை.

இதை லீவர் என்கிற சோப்பு முதலாளி வாங்கினார். சன்லைட் சோப்பு ஏழு பவுண்டு, நம் கணக்கில் மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், வாங்கினால் கூப்பன், கூப்பன் கொடுத்தால் இந்தப் படம். அப்படித்தான் அது வேல்ஸ் வீடுகளின் சுவரில் ஏறியது. அந்த நாட்டில் வெல்ஷ் மொழி பேசுகிறவர்கள் 1901இல் கிட்டத்தட்டப் பாதிப் பேர், 1911இல் 43.5 சதவீதம். கைவிட்டுப் போகிற ஒன்றை மாட்டி வைக்கச் சுவரில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், சோப்பு கம்பெனிக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்புறம் பிசாசு. சால்வை மடிப்பை உற்றுப் பார்த்தால் இடது கைப் பக்கம் ஒரு முகம் தெரிகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கடிகாரம் பத்துக்குச் சில நிமிஷம் காட்டுகிறது, எல்லோரும் மௌனமாக ஜெபிக்கிறார்கள், இவள் மட்டும் நடந்து வருகிறாள், சால்வையைக் காட்டத்தான் லேட்டாக வந்தாள், அதனால்தான் பிசாசு அதில் உட்கார்ந்துகொண்டது! ஓவியர் நான் அப்படி வரையவே இல்லை என்று சொல்லியும் பேச்சு நிற்கவில்லை. எனக்குப் பாட்டியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. இரவல் சால்வைக்கு இவள் தலையில் கர்வப் பட்டம்.

சால்வையில் இருப்பது மாங்காய் டிசைன். காஷ்மீர் சால்வையிலிருந்து போய், ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர்த் தறிகளில் நெய்யப்பட்டு, அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட மாங்காய். அங்கேதான் எனக்கு எங்கள் ஆயா நினைவு வந்தது.

ஆயாவுக்கு மொத்தமே ஒரு போட்டோதான். அம்மாப்பேட்டைத் தறிக்குடும்பம், ராத்திரியும் பகலும் பட்டு நெய்கிற வீடு, சொந்தமாக ஒரு பட்டுச் சேலை கிடையாது. ஒரு நாள் தறியிலிருந்து அறுத்த சேலை, சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போக வேண்டியது, தாத்தா அதை ஆயாவுக்குக் கட்டிவிட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முந்தானை முழுக்க மாங்காய் புட்டா. சங்கிலி பக்கத்து வீட்டுக்காரம்மாவுடையது. ஸ்டுடியோக்காரர் கழுவும்போது ஒரு ஓரத்தைக் கெடுத்துவிட்டார், அதற்கும் முழுக் காசு வாங்கிக்கொண்டார்.

சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, ஆயா என்ன இவ்வளவு வீறாப்பாக நிற்கிறாள் என்று கேலி செய்திருக்கிறேன். கை இரண்டையும் உடம்பில் ஒட்டாமல் தூக்கி, விரலை விரித்து வைத்திருப்பாள், ராணி மாதிரி. இப்போது ஃபிரேமை இறக்கித் துடைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"வேர்வை பட்டா கறை நிக்கும்ல" என்றாள். "அஞ்சு மணிக்குள்ள மடிச்சுக் கொண்டுபோயி குடுக்கணும்."