சீனாய் மலையில் மூச்சோடு வந்த ஜெபம்

இரவு ஒன்றரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற இடம் என்று நம்பப்படுகிற, எகிப்தின் சீனாய் மலை 2,285 மீட்டர் உயரம். அடிவாரத்தில் இருக்கிற புனித கேத்தரின் மடாலயமே நல்ல உயரத்தில் இருப்பதால், ஏற வேண்டியது அதில் ஒரு பகுதிதான். முக்கால்வாசித் தூரம் ஒட்டகப் பாதையில் வளைந்து வளைந்து போகிறது. அதன்பின் 750 படிகள். படி என்று பெயர்தான். எல்லாம் கரடுமுரடான பாறைத் துண்டுகள். ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. டார்ச் வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் காலை வைத்து ஏறினோம்.

ஜெபித்துக்கொண்டே ஏற வேண்டும் என்று தீர்மானம் பண்ணி வந்திருந்தேன். முதலில் ஸ்தோத்திரம், பிறகு வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி விண்ணப்பம், இப்படி ஒழுங்காக. இருபது படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தொடங்கிய வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கடைசியில் வாயில் தங்கியது இரண்டே சொல்: "இயேசுவே, இரங்கும்." மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று.

அது அம்மாவின் ஜெபம். ஞாபகம் தப்பிப்போன கடைசி மாதங்களில், தினமும் சொல்லி வந்த இருபத்துமூன்றாம் சங்கீதம்கூட அம்மாவுக்கு மறந்துபோயிற்று. இது மட்டும் போகவில்லை. காலையிலிருந்து இரவுவரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் நான், "ஏம்மா, அதையே திரும்பத் திரும்பச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனி நல்ல தொனி இல்லை. வீண்வார்த்தைகளை அலப்பக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். ஒன்றையே பலமுறை சொன்னால் அது ஜெபமாகாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆனால் நான் ஏறிக்கொண்டிருந்த அந்த மலையின் ஜெப வரலாறே அதுதான்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்துக்குப் போன துறவிகள், "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் எழுதியதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். பாய் முடைய வேண்டும், கூடை பின்ன வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். இதற்கு நடுவில் இடைவிடாமல் ஜெபிப்பது எப்படி? அவர்கள் கண்டுபிடித்த வழி, கை வேலை செய்யும்போது வாய் சுமக்கக்கூடிய ஒரு சின்ன வசனம். எகிப்திய மூப்பர்களிடம் கேட்டறிந்ததை யோவான் காசியான் என்ற துறவி மேற்கே கொண்டுபோய் எழுதிவைத்தார். அவர் சொன்ன வசனம் எழுபதாம் சங்கீதத்தின் தொடக்கம்: தேவனே, என்னை விடுவியும், எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும். சந்தோஷமா, சோதனையா, தூக்கம் வரவில்லையா, எதற்கும் அந்த ஒரே வசனம். பின்னாளில் பெனடிக்ட் என்ற துறவியின் வழிவந்த மடங்களில் ஜெபவேளைகள் அதைச் சொல்லித்தான் தொடங்கின. இன்றும் அந்த மரபு போகவில்லை.

சீனாயில் இது இன்னும் ஆழமாகப் போனது. ஏழாம் நூற்றாண்டில் இந்த மடத்தின் தலைவராக இருந்தவர் யோவான் கிளிமாக்கஸ். கிளிமாக்கஸ் என்றால் ஏணிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது படிகள் கொண்ட ஏணியாக ஆவிக்குரிய வாழ்க்கையை விளக்கி அவர் எழுதிய நூலால் வந்த பெயர் அது. மடத்தலைவர் ஆவதற்கு முன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் 40 வருடம் தனியாக ஜெபத்தில் இருந்தவர். ஜெபத்தில் வார்த்தையை அடுக்காதே என்கிறார்; இயேசுவின் உவமையில் வருகிற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், ஒரே ஒரு வாக்கியத்தில்தானே நீதிமானாக வீடு திரும்பினான். இயேசுவின் நினைவு உன் மூச்சோடு சேர்ந்திருக்கட்டும் என்கிறார். ஊரில் படித்தபோது அதைக் கவித்துவமான பேச்சு என்று தாண்டிப் போயிருந்தேன். அந்தப் படிகளில் நின்றபோது அது மலையேறுகிறவர் கொடுத்த நேரடியான யோசனையாகவே பட்டது. இந்த மலையில் வேறு எப்படி ஜெபிக்க முடியும்?

பிற்பாடு இந்த மடத்தில் துறவியான கிரகோரி என்பவர், கிரேத்தா தீவில் ஒரு முதியவரிடம் இந்த ஜெபத்தின் நுட்பத்தைக் கற்று, 14ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் அத்தோஸ் மலையில் கற்பித்தார். "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." சுவிசேஷத்தில் இயேசுவை நோக்கிக் கூப்பிட்ட குருடனான பர்திமேயுவின் கூப்பிடுதலும் ஆயக்காரனின் விண்ணப்பமும் ஒன்றாய்ச் சேர்ந்த ஜெபம்.

ஏறும்போது எனக்குத் துணையாய் இருந்தவர் இன்னொருவரும் உண்டு. எகேரியா. கி.பி. 380களில் ரோமப் பேரரசின் மேற்குக் கோடியிலிருந்து இங்கே வந்த பெண். சுவரில் ஏறுவதுபோல நேராக ஏற வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரிய வேதபாகத்தை வாசிப்பது, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், அப்புறம் அடுத்த இடம், இதுதான் அவருடைய பயண முறை. அவர் எழுதியதன் கைப்பிரதி 1884இல்தான் கிடைத்தது. அது கிடைக்காமலே போயிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு!

உச்சியில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. சூரியன் வந்தபோது சுற்றியிருந்த பாறைகள் எல்லாம் செம்மண் நிறமாயின. பத்துக் கட்டளைகள் வருகிற யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தை வாசித்தோம். யாரும் அதிகம் பேசவில்லை.

இறங்கும்போது துறவிகள் அமைத்த பழைய படிகளின் வழியாக வந்தோம். மொத்தம் 3,750 படிகள் என்பார்கள். நடுவில் ஒரு கல் வளைவு. ஸ்தேவான் என்ற துறவி அங்கே உட்கார்ந்து, மேலே போகிற ஒவ்வொருவரின் பாவ அறிக்கையையும் கேட்டபிறகே அனுப்புவாராம். அந்த வளைவுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். அம்மாவிடம் பேசிய அந்தத் தொனியை அங்கே அறிக்கையிட்டேன்.

மடாலயத்தைக் காலையில் சில மணி நேரம்தான் திறக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் எழுப்பிய மதில். தேவன் மோசேயோடு பேசியதாக வேதம் சொல்லுகிற எரிகிற முட்செடியின் சிற்றாலயத்துக்குள் பாதரட்சையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அன்று எங்களை அந்தச் சிற்றாலயத்துக்குள் விடவில்லை. வெளியே மதிலோரம் படர்ந்திருக்கும் செடியைப் பார்த்தோம். அதே ஆறாம் நூற்றாண்டில் மெழுகு வண்ணத்தில் தீட்டிய கிறிஸ்துவின் படமும் இந்த மடத்தில்தான் இருக்கிறது. முகத்தின் ஒரு பாதி சாந்தமாக, மறுபாதி கண்டிப்பாக. படத்தின்முன் ஜெபிக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அந்தக் கண்களைவிட்டு நகர மனம் வரவில்லை.

வாசல் பக்கம் ஒரு வயதான துறவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கறுப்புக் கம்பளிநூலில் முடிச்சு முடிச்சாகப் பின்னிய ஜெபக் கயிறு. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. யாராவது வணக்கம் சொன்னால் தலையை அசைத்தார். உதடு அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் ஒரு முடிச்சைத் தடவி, சற்று நின்று, அடுத்ததற்கு நகர்ந்தது. முடிச்சுகள் தேய்ந்து பளபளத்தன.

அம்மாவின் கட்டைவிரலும் போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி இப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கும். அதைக் கை நடுக்கம் என்று நினைத்து, பலமுறை பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.