உள்ளங்கால் முடிச்சு: கத்தி வைப்பதற்கு முன்

பாதத்தின் உள்வளைவில், தோலுக்கு அடியில், பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். செருப்புக்குள் கல் புகுந்துவிட்டதோ என்று கழற்றி உதறிப் பார்ப்போம், கல் இருக்காது. முதல் சில மாதங்கள் பெரும்பாலும் இந்த உதறலிலேயே போய்விடும். இதன் பெயர் லெடர்ஹோஸ் நோய். குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை ஓடுகிற தடித்த சவ்வில் நார்த்திசு மிதமிஞ்சி வளர்ந்து முடிச்சாகிறது. புற்றுநோய் அல்ல, வேறு உறுப்புக்குப் பரவாது. அதே சமயம், தானாகக் கரைந்து மறைவதும் அரிது.

கால் ஆணியோடும் மருவோடும் இதைக் குழப்பிக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டுபவர்கள் நிறைய. அவை தோலில் இருப்பவை. இது தோலுக்குக் கீழே. கட்டை விரலை மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள். சவ்வு விறைத்து, முடிச்சு துருத்திக்கொண்டு தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் நாலு அடியில் மட்டும் குதிகால் குத்துவது வேறு நோய். அந்த நோய்க்குச் சொல்கிற பந்து உருட்டும் பயிற்சியை முடிச்சின் மேல் செய்தால் வலி கூடலாம். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி மட்டும் இரண்டுக்கும் பொருந்தும்.

உள்ளங்கையில் முடிச்சு விழுந்து விரல் மடங்கும் டுப்யூட்ரென் நோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்த நோய்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே பொதுவாகத் தெரிந்துவிடும். வேகமாகப் பெருத்தாலும், 5 செ.மீ. தாண்டினாலும், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலும் எம்.ஆர்.ஐ. கட்டாயம், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும். அந்த விஷயத்தில் "பார்க்கலாம், பொறுக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்றவர்களுக்குப் பொறுமைதான் முதல் மருந்து. முடிச்சு சில காலம் வளரும், பிறகு அப்படியே நின்றுவிடும். வளர்கிற கட்டத்தில் கத்தி வைத்தால் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல் என்பது அறுவை மருத்துவர்கள் பலரின் அனுபவம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிய ஒரு எளிய வழி: கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை உள்ளங்காலில் வைத்து, முடிச்சின் விளிம்பை மார்க்கரால் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தால் போதும். நினைவை நம்பினால் வலிக்கிற நாளில் எலுமிச்சை அளவாகத் தெரியும், வலிக்காத நாளில் பட்டாணியாகத் தெரியும்.

நடையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஷூவுக்குள் போடும் மெத்தைத் தட்டான இன்சோல்தான், ஆனால் கடையில் தட்டைப் பாதத்துக்கு விற்கும் இன்சோல் அல்ல. அதன் கெட்டியான வளைவு மேடு நேராக முடிச்சிலேயே போய் முட்டும். பணம் கொடுத்து வலியை வாங்குவது இப்படித்தான். 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள ஈ.வி.ஏ. (செருப்பு அடியில் வரும் மென்மையான நுரைப்பொருள்) நுரைத் தட்டில் ஓர் ஓட்டை வேண்டும். முடிச்சின் மேல் கொஞ்சம் உதட்டுச்சாயம் தடவி, இன்சோல் மேல் எழுந்து நின்று முழு எடையையும் வையுங்கள். சாயம் படிந்த இடம்தான் வெட்ட வேண்டிய இடம். உட்கார்ந்தபடி அழுத்தினால் அடையாளம் தள்ளி விழும், ஏனென்றால் எடை ஏறும்போது பாதம் நீள்கிறது. அடையாளத்தைச் சுற்றி 2, 3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, ஓட்டையின் மேல் விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள். மிகச் சரியாக முடிச்சின் அளவுக்கே வெட்டினால் விளிம்பு கடிக்கும். பெரிதாக வெட்டினால் சுற்றியுள்ள சதையும் சேர்ந்து ஓட்டைக்குள் பிதுங்கி வீங்கும். மேலே மெல்லிய மென்துணி ஒட்டிவிடலாம். ஷூவோடு வந்த பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், இல்லையென்றால் மேல்பாதம் இறுகிவிடும்.

ஸ்டீராய்டு ஊசி முடிச்சை இளக்கும், சிலருக்கு வலியைப் பல மாதங்கள் தள்ளிப்போடும். திசு கெட்டி என்பதால் மருந்து உள்ளே போவதே சிரமம், குத்தும்போது நன்றாக வலிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்காலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், சவ்வு கிழியவும் கூடும். வளரும் கட்டத்தில் கதிர்வீச்சும் ஒரு வழி. பரவலாகப் பின்பற்றும் முறையில் நாளுக்கு 3 கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு) வீதம் 5 நாள், சில வார இடைவெளி, மறுபடி 5 நாள், மொத்தம் 30 கிரே. பிறகு தோல் வறண்டு போகலாம். சிறு வயதினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தர மாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் அறுவை. முடிச்சின் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். 3 செ.மீ. முடிச்சோடு நாள் முழுக்க நடப்பவர்களும் உண்டு, 1 செ.மீ. முடிச்சு நரம்பை அழுத்தி ஆளை உட்கார வைப்பதும் உண்டு. ஓட்டை இன்சோலோடு எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று 4 வாரம் எழுதி வையுங்கள். அந்த எண் உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் போதும் என்றால், கத்தி வேண்டாம் என்பதே என் கட்சி. கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்பது காரணமே ஆகாது. உள்ளங்காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

செய்வதென்று தீர்மானித்தால், "எவ்வளவு எடுப்பீர்கள்?" என்ற கேள்விதான் முதலில். முடிச்சை மட்டும் தோண்டி எடுத்தால் காயம் சிறியது, ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. சவ்வின் பெரும்பகுதியை எடுத்தால் அந்த வாய்ப்பு குறையும், ஆனாலும் பூஜ்யம் ஆகாது. காயம் பெரிதாகும், வளைவு கொஞ்சம் தணியும், பாதத்தின் உட்புற நரம்புக் கிளைகளுக்கு ஆபத்தும் கூடும். சின்னதாக எடுத்துப் பார்ப்போம், வந்தால் மறுபடி எடுக்கலாம் என்பது மோசமான கணக்கு: இரண்டாம் முறை தழும்புத் திசுவுக்குள் நரம்பைத் தேடி வெட்ட வேண்டியிருக்கும். முதல் அறுவைதான் இருப்பதிலேயே நல்ல வாய்ப்பு. கீறல் எங்கே வரும் என்று பேனாவால் காலில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். எடை விழும் இடத்தில் தழும்பு வந்தால் முடிச்சைவிட அதுவே பெரிய தொல்லை. முடிச்சு தோலோடு ஒட்டியிருந்தால் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அறுவைக்குப் பிறகு பொதுவாக 2 முதல் 3 வாரம் காலை ஊன்றக் கூடாது, தையல் பிரிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். உள்ளே ரத்தம் தேங்கினாலோ, அவசரப்பட்டு ஊன்றினாலோ கீறலின் ஓரத் தோல் கறுத்துச் செத்துப்போகும், ஆற மாதக்கணக்காகும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். ஊன்றுகோலில் படி ஏறி இறங்க அறுவைக்கு ஒரு வாரம் முன்பே பழகுங்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். பலரும் மறக்கிற ஒன்று: பலருக்கு மறு காலிலும் முடிச்சு இருக்கும், மூன்று வாரம் முழு எடையும் அதன் மேல்தான். அந்தக் காலின் இன்சோலை முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஷூ போடும் நாள் வந்ததும் பழைய ஓட்டை இன்சோலைத் தேடி எடுக்க வேண்டாம். அழுத்தம் இப்போது வேறு இடத்தில் விழும். தழும்பு நன்றாக மூடிய பிறகு, அதன் மேல் மறுபடி சாயம் தடவி, எழுந்து நின்று, புதிதாக வெட்ட வேண்டும்.