செப்சிஸ் நோயாளியின் சிறுநீரை ஆய்வுக்கு எடுத்த அனுபவம்

செப்சிஸ் (தொற்றை எதிர்க்கும் உடலின் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) வந்து ஐசியூவில் இருப்பவர்களுக்குச் சிறுநீரகச் செல்கள் எப்போது சேதமாகத் தொடங்குகின்றன என்று பார்க்கும் ஆய்வு. சாம்பிள் எடுப்பதிலிருந்து ரீடிங் எடுப்பது வரை என் பொறுப்பு. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"அதான் கிரியாட்டினின் பார்க்கிறீங்களே, அது போதாதா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. சிறுநீரகம் அடிபட்டாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். செப்சிஸில் தசைகள் அதைக் குறைவாகத்தான் உண்டாக்கும், ஏற்றுகிற சலைன் வேறு அதை நீர்த்துப்போகச் செய்யும். ரிப்போர்ட் நார்மல் என்று வரும்போதே உள்ளே சிறுநீர் உருவாகும் நுண்குழாய்களின் செல்கள் சேதமாகிக்கொண்டிருக்கலாம். அப்போது சிறுநீரில் கூடும் புரதங்கள்தான் என்ஜிஏஎல், கிம்-1 போன்றவை.

சாம்பிள் எடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். யூரின் பேகில் மணிக்கணக்கில் தேங்கியது உதவாது. பேகுக்குப் போகும் சிறுநீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் செய்து, அதிலுள்ள சாம்பிள் போர்ட்டை (சாம்பிள் எடுக்கும் வாயை) ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, புதிதாக இறங்கியதைச் சிரிஞ்சில் எடுப்போம். ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுபோய் உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட வேண்டும். காரணம், என்ஜிஏஎல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவிலும் நிறைய உண்டு. அந்த அணு சாம்பிளில் உடைந்தால் அதிலிருந்து வந்ததும் சிறுநீரகக் கணக்கில் சேர்ந்துவிடும். சிறுநீர்த் தொற்றிலிருந்து செப்சிஸ் ஆனவர்களின் டியூபில், சுற்றி முடித்ததும் அடியில் வெள்ளையாகத் திட்டுப் படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, சின்னச் சின்ன டியூப்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்போம். மொத்தமாக வைத்தால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் உருக்க வேண்டியிருக்கும், புரதம் கெடும்.

அப்புறம் எலைசா, அதாவது புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் சோதனை. நீல நிறம் வரும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படிப்போம். இதில் சொல்ல அதிகமில்லை.

செப்சிஸில் என்ஜிஏஎல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. நுண்குழாயின் முதல் பகுதியிலிருந்து வரும் கிம்-1ஐயும் மணிக்கு மணி சிறுநீர் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு டெஸ்ட், சிறுநீரில் உள்ள டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்ற இரண்டு புரதங்களின் அளவையும் பெருக்கிப் பார்க்கிறது. 0.3-க்கு மேல் போனால் அடுத்த 12 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் மோசமாகும் ஆபத்து அதிகம்.

ஒப்புதல் வாங்கும்போது, தனியாக ஊசி எதுவும் போட மாட்டோம், இந்த முடிவை வைத்து இப்போதைய சிகிச்சை மாறாது என்பதை உறவினர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நினைவு திரும்பியதும் நோயாளியிடமே மறுபடி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அவருடைய டியூப்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.