கிளவுஸ் எதுக்கு?

சிக்னலில் பக்கத்தில் நின்றவர் தலையில் நல்ல கனமான ஹெல்மெட். கையிலோ வெயிலுக்குப் போடும் மெல்லிசான துணி கிளவுஸ்.

வண்டி சரிந்தால் நம்மையறியாமல் கையைத்தான் முதலில் ஊன்றுவோம். பைக் கிளவுஸ் சிலவற்றில் உள்ளங்கையின் அடிப்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை இருக்கும். கை ரோட்டைக் கவ்விப் பிடிக்காமல் வழுக்கிப் போகத்தான் அது. மணிக்கட்டு பிழைக்கும்.

ஜாக்கெட் என்றால் உள்ளே லேபிளைப் பாருங்கள். ஈஎன் 17092 (பைக் உடுப்புக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு அளவுகோல்) என்று போட்டு, பக்கத்தில் தரம் இருக்கும். ஏஏஏ உசத்திதான், ஆனால் பெரும்பாலும் கனம், புழுக்கம். தினமும் ஆபீஸ் போக ஏஏ, ஏ போதும் என்பேன். வேர்க்கிற ஜாக்கெட் ஆணியில்தான் தொங்கும்.

தோள், முழங்கைப் பேட் இடம் நகராமல் உட்கார வேண்டும். லொடலொடவென்று இருந்தால் விழும்போது விலகிவிடும்.

செருப்பைப் பற்றிப் பேச வேண்டாம், சண்டை வரும்.