பதற்றத்தில் கலங்கும் வயிறு: எதை முதலில் சரிசெய்வது

நேர்காணலுக்கு முன் வயிற்றைக் கலக்குவது யாருக்கும் புதிதல்ல. அது மாதக்கணக்கில் நீடித்து, எல்லாப் பரிசோதனையும் முடிந்து, "ரிப்போர்ட் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிடும்போதுதான் திண்டாட்டம். எதை எந்த வரிசையில் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பலர் முதலில் கைவைப்பது சாப்பாட்டில்தான்: பால் கூடாது, கோதுமை கூடாது, வெங்காயம் கூடாது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மன அழுத்தத்தின்போது மூளை வெளியிடும் ஒரு ஹார்மோன் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பெருங்குடலையோ முடுக்கிவிடும். ஒரே ஆளுக்கு மேலே உப்புசமும் கீழே பேதியும் வருவது இதனால்தான். கூடவே குடலின் கூருணர்வும் கூடுவதால், சாதாரண அளவு வாயுவே வலியாகத் தெரியும். வலி நிஜம், மனப்பிரமை இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டிவிடவும் கூடாது. அல்சரையும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1982-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அல்சருக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைப் பிரித்தெடுத்த பிறகு கதை மாறியது. 2005-ல் நோபல் பரிசும் வந்தது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்தது குறிப்பேடு, இரண்டு வாரத்துக்கு. நேரம், சாப்பிட்டது, மன அழுத்தம் (0 முதல் 10), மலத்தின் தன்மை (பிரிஸ்டல் அட்டவணைப்படி 1 முதல் 7; 1 என்றால் கெட்டி, 7 என்றால் தண்ணீர்). உதாரணத்துக்கு ஒரு பக்கம்: திங்கள் காலை பாலும் ரொட்டியும், அழுத்தம் 8, மலம் 6. சனிக்கிழமை அதே பாலும் ரொட்டியும், அழுத்தம் 2, மலம் 4. இப்படியே திரும்பத் திரும்ப வந்தால், பாலை நிறுத்த இருந்தவர் யோசிப்பார். இரவில் உட்கார்ந்து நாள் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்பினால் பயனில்லை. வலித்த நாளின் சாப்பாடு மட்டுமே ஞாபகத்தில் நிற்கும்.

பிறகு மூச்சு. வயிற்றில் கை வைத்து, மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. தினம் இரண்டு வேளை, 10 நிமிடம். ஒரு வேளை சாப்பாட்டுக்குச் சற்று முன்பாக இருக்கட்டும். கை உயர வேண்டும், தோள் உயரக் கூடாது. மெதுவாக விடச் சொன்னால் பலர் பெரிதாக இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றும், விரல் மரத்துப்போகும். அப்படி ஆனால் இழுக்கும் அளவைக் குறைத்தால் போதும். வலி வந்த பிறகு மட்டும் செய்கிறவர்கள் பலன் இல்லை என்கிறார்கள். வலி இல்லாத நாளில் பழகாதது வலிக்கும்போது கைகொடுக்காது.

காலையில் எழுந்து சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாகவே வேகமாக அசையும். வழியில் அவசரம் வந்துவிடுமோ என்று காலை உணவைத் தவிர்த்து, வெறும் காபியோடு கிளம்புவது தப்புக் கணக்கு: காபியும் குடலை அசைக்கும். அரைமணி நேரம் முன்னதாக எழுந்து, சாப்பிட்டு, கழிவறைக்குப் போய்வந்து கிளம்பினால் பாதிப் பயம் போய்விடும்.

நார்ச்சத்துக்கு இசப்கோல் உமி நல்லது. நாளுக்கு 3 கிராமில் தொடங்கி வாரவாரம் மெல்லக் கூட்டலாம், ஒவ்வொரு முறையும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. எடுத்தவுடன் 10 கிராம் என்றால் உப்புசம் நிச்சயம். கோதுமைத் தவிடு பலருக்கு வலியைக் கூட்டும்.

இதற்கும் அடங்காவிட்டால்தான் ஃபோட்மேப் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரைகள்) குறைத்த உணவுமுறை, அதுவும் உணவியல் நிபுணரின் மேற்பார்வையில். நீக்குவது 2 முதல் 6 வாரம். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். நீக்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறவர்களுக்குக் குடலில் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியா குறைகிறது. சாப்பாட்டைக் கண்டாலே பயம் என்ற புது அழுத்தமும் சேர்கிறது.

மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினால், மனச்சோர்வு மாத்திரை என்று இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டாம். இந்தச் சிறிய அளவு குடல் வலிக்காகத் தருவது. வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கலும் ஆகலாம். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.